கிராமர் சரியாகப் போடுகிறாள், பத்தி மட்டும் புரியவில்லை: என்ன செய்யலாம்?

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். மகள் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி. கோடிட்ட இடத்தை நிரப்பு என்றால் பத்துக்கு எட்டு சரியாக வருகிறது. காம்ப்ரிஹென்ஷன் பத்தி கொடுத்தால் மட்டும் கேள்வியில் இருக்கும் ஒரு சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து, அந்தச் சொல் கிடக்கும் வரியை அப்படியே எழுதிவைக்கிறாள். எந்த கைடு வாங்கலாம், தினமும் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும், எனக்கு இங்கிலீஷ் வராதே, நான் எப்படி உதவுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கைடு கடைசி விஷயம். கேள்விக்குள் இருக்கும் உண்மையான கேள்வி, இலக்கணம் சரியாகப் போடத் தெரிந்த பிள்ளைக்குப் படித்தால் ஏன் புரியவில்லை என்பது.

அவள் போடுவது பெரும்பாலும் இலக்கணமே இல்லை, குறிப்பு பிடிப்பது. வாக்கியத்தில் 'எஸ்டர்டே' இருந்தால் இறந்தகாலம், 'நௌ' இருந்தால் 'ஐஎன்ஜி', 'பை' இருந்தால் பாஸிவ், அதாவது செயப்பாட்டு வினை. முழு வாக்கியத்தையும் படிக்காமலே விடை வந்துவிடும். அதே பழக்கம்தான் பத்தியிலும் தொடர்கிறது: வாக்கியத்தை விட்டுவிட்டு ஒரு சொல்லைத் துரத்துகிறாள். ஆகவே இலக்கணத்துக்கு ஒரு நாள், காம்ப்ரிஹென்ஷனுக்கு ஒரு நாள் என்று பிரிக்காதீர்கள். ஒரே பத்தியை வைத்து இரண்டையும் செய்யவேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து வருபவைதான்.

ஆனால் முதலில் இரண்டு சின்னச் சோதனைகள். அவளுடைய தமிழ்ப் பாடப்புத்தகத்திலேயே படிக்காத ஒரு உரைநடைப் பக்கத்தைக் கொடுத்து, 'இவர் ஏன் அப்படிச் செய்தார்?' என்று நேரடியாக எழுதியிராத ஒரு விஷயத்தைக் கேளுங்கள். தமிழிலும் வரியைத்தான் ஒப்பிக்கிறாள் என்றால் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை, படித்ததை யோசிக்கும் பழக்கத்தில். அப்போது தமிழிலேயே சில வாரம் பழக்கவேண்டும். தமிழ் எழுத்துகளே தடுமாறுகின்றன, வரி தாவுகிறது என்றால் கண் பரிசோதனையும் குழந்தை மருத்துவரின் யோசனையும் முந்தி. தமிழில் சரளமாகச் சொல்கிறாள் என்றால் அடுத்த சோதனை: ஆங்கிலப் பத்தியில் 100 சொற்களை எண்ணி, தெரியாத சொல்லுக்குப் பென்சிலில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஐந்துக்கு மேல் புள்ளி விழுந்தால் அந்தப் பத்தி அவளுக்கு இன்னும் கடினம். இது துல்லியமான எல்லைக்கோடு இல்லை, ஆனால் மொழிப் பயிற்சியில் பலரும் கடைப்பிடிக்கும் கணக்கு. கடினமாக இருந்தால் வெட்கப்படாமல் ஏழாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்துக்கு இறங்குங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பழைய புத்தகம் போதும். புள்ளி குறைவாக விழுந்தும் புரியவில்லையா, சிக்கல் வாக்கிய அமைப்பில். தமிழ் வழிப் பிள்ளைகளிடம் அதிகம் காண்பது இதுதான்.

அமைப்பில் என்ன சிக்கல் என்று நம் ஊர் விஷயத்தை வைத்தே பார்க்கலாம். 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது அவளுக்கு வரலாற்றுப் பாடத்தில் தெரியும். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்: 'தி ஆஃபீஸர் ஹூ வாஸ் அவுட்சைட் த ஃபோர்ட் கேரீட் த நியூஸ் டு ஆர்காட்.' தமிழில்: கோட்டைக்கு வெளியே இருந்த அதிகாரி செய்தியை ஆற்காட்டுக்குக் கொண்டுபோனார். தமிழில் வினைமுற்று ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியில். 'இருந்த' என்பது பெயரெச்சம். அதைப் பார்த்ததும் வாக்கியம் முடியவில்லை, ஒரு பெயர் வரப்போகிறது என்று காதுக்கே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த 'இருந்த' இருக்கும் இடத்தில் 'வாஸ்' என்று முழு வினைமுற்றே நிற்கிறது. பிள்ளை அங்கேயே வாக்கியம் முடிந்ததாக நினைத்து நின்றுவிடுகிறாள். மிச்சம் 'கேரீட்' யாருடைய வேலை என்று தெரியாமல் தொங்குகிறது.

இன்னும் மோசமான இடம் இது: 'தி ஆர்டர் விச் த சிப்பாய்ஸ் ஹாட் ஒப்போஸ்ட் வாஸ் வித்ட்ரான்.' சிப்பாய்கள் எதிர்த்திருந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. தமிழில் 'உத்தரவு' வினைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் வினைக்கு முன்னால் நெருக்கமாக நிற்கும் ஆள் சிப்பாய்கள். அதனால் 'சிப்பாய்கள் வாபஸ் போனார்கள்' என்று புரிந்துகொள்வார்கள். இங்கே சொல் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தெரிந்திருந்தும் வாக்கியம் தப்பாகிவிட்டது பாருங்கள். ஒரு சின்னத் தடயமும் உண்டு: 'வாஸ்' ஒருமை, 'சிப்பாய்ஸ்' பன்மை, ஆக 'வாஸ்' அவர்களுடையதாக இருக்கமுடியாது. ஒருமை பன்மைப் பொருத்தம் என்ற இலக்கணப் பாடம் படிப்பதற்கு உதவும் இடம் இதுதான், கோடிட்ட இடம் இல்லை. வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளைகளுக்கும் நிலை பெரிய வித்தியாசமில்லை. அந்த மொழிகளிலும் வினை கடைசியில்தான் வரும்.

பயிற்சி இப்படிப் போகட்டும். 120 முதல் 150 சொல் வரையுள்ள ஒரு பத்தி. முதல் தடவை பேனா இல்லாமல், அகராதி இல்லாமல் கடைசி வரை படித்துவிடவேண்டும், நடுவில் நிற்கக்கூடாது. இரண்டாம் தடவை ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைமுற்றுகளுக்கு மட்டும் அடிக்கோடு. 'டு கோ', 'கோயிங்' என்று தனியாக நிற்பவை வினைமுற்று அல்ல, அவற்றுக்குக் கோடு வேண்டாம். இந்த வித்தியாசத்தைத் தமிழில் எச்சம், முற்று என்று ஏற்கெனவே படித்திருக்கிறாள். ஒரு வாக்கியத்தில் இரண்டு கோடு விழுந்தால் நடுவில் 'ஹூ', 'விச்', 'தட்', 'பிகாஸ்', 'வென்' போன்ற இணைப்பு ஒன்று இருக்கும், அல்லது 'அண்ட்', 'பட்' இருக்கும், அல்லது அந்த இணைப்பு மறைந்திருக்கும். இணைப்பிலிருந்து அந்தத் துண்டு முடியும்வரை பென்சிலால் வட்டமிட்டு, வட்டத்தைத் தள்ளிவைத்துப் படித்தால் மூல வாக்கியம் தெரியும். மூன்றாம் தடவை 'ஹி', 'இட்', 'தே', 'திஸ்' ஒவ்வொன்றிலிருந்தும் அது குறிக்கும் பெயருக்கு அம்புக்குறி. பத்திகளில் அதிகம் தப்பாகும் இடம் இந்த 'இட்', 'திஸ்' இரண்டும்தான். ஏனென்றால் 'திஸ்' பல சமயம் ஒரு பொருளைச் சொல்லாது, முந்தைய வாக்கியம் முழுவதையும் சுமந்துகொண்டு வரும்.

அதற்குப் பிறகுதான் கேள்விகள். விடை எழுதுவதற்கு முன்னால் கேள்வி எந்த வகை என்று பார்க்கவேண்டும். ஒரே வரியில் விடை இருப்பது ஒன்று. இரண்டு இடத்தைச் சேர்த்தால் கிடைப்பது ஒன்று. எழுதப்படாததை ஊகிப்பது ஒன்று. உங்கள் மகள் மூன்றையும் முதல் வகையாகவே நடத்துகிறாள். ஊகக் கேள்விக்கு விடை எழுதும்போது 'பத்தியில் எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய்?' என்று ஒரு விரலை வைக்கச் சொல்லுங்கள். விரல் வைக்க இடமில்லை என்றால் அது ஊகமில்லை, கற்பனை.

விடையின் வாக்கியத்தில் ஒரு இடம் இருக்கிறது, அங்கேதான் வருடக்கணக்காக மதிப்பெண் போகிறது. 'வொய் டிட் த சிப்பாய்ஸ் ப்ரொட்டெஸ்ட்?' என்று கேள்வி. விடையில் 'டிட்' மறைந்து அதன் இறந்தகாலம் வினைக்குள் போய்ச் சேரவேண்டும்: 'த சிப்பாய்ஸ் ப்ரொட்டெஸ்டட் பிகாஸ்...' பிள்ளைகள் எழுதுவது 'த சிப்பாய்ஸ் டிட் ப்ரொட்டெஸ்ட்' என்றோ 'த சிப்பாய்ஸ் வாஸ் ப்ரொட்டெஸ்ட்' என்றோ. 'டஸ்' என்று கேட்டால் அதிலிருக்கும் 'எஸ்' வினைக்கு இடம் மாறும். தினம் ஐந்து கேள்வியை வெறுமனே வாக்கியமாக மாற்றும் பயிற்சி, விடைகூட வேண்டாம், ஒரு மாதம் நடந்தால் இந்தத் தப்பு பெரும்பாலும் நின்றுவிடும். 'வொய்' என்றால் 'பிகாஸ்' அல்லது 'டு'. 'ஹௌ' என்றால் பல இடங்களில் 'பை' சேர்த்து 'ஐஎன்ஜி'. வரியை அப்படியே எடுத்து எழுதும்போது 'தே' என்று தொடங்கினால் அது யார் என்று திருத்துபவருக்குத் தெரியாது. முதல் சொல் பெயராக இருக்கட்டும்.

கடைசியாக, அதே பத்தியிலிருந்து நான்கு வாக்கியம் எடுத்து மாற்றி எழுதவேண்டும்: ஒன்றை பாஸிவ் ஆக்கு, ஒன்றை ரிப்போர்ட்டட் ஸ்பீச் (அயற்கூற்று) ஆக்கு, இரண்டு சிறிய வாக்கியங்களை 'தோ' போட்டு ஒன்றாக்கு. பத்தி ஏற்கெனவே புரிந்துவிட்டதால், மாற்றியபின் அர்த்தம் மாறிப்போனால் அவளுக்கே தெரியும். பயிற்சிப் புத்தகத்தில் தனியாகக் கிடக்கும் வாக்கியங்களில் அது தெரியாது.

தப்புகளைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் அவை கண்டபடி வருவதில்லை. பாதிக்கு மேல் தமிழிலிருந்து நேராக நடந்து வருபவை என்பது என் கணிப்பு. 'அஞ்சு வருஷமா இங்க இருக்கேன்' என்பதால் 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்'. ஆனால் 'சின்ஸ்' தொடங்கிய புள்ளிக்கு, 'ஃபார்' நீளத்துக்கு, வினையோ 'ஹேவ் பீன் லிவிங்'. 'நேத்து பார்த்திருக்கேன்' என்பதால் 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே'. முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ஆங்கிலத்தில் 'ஹேவ்' நிற்காது. 'மழை பெய்தால்' என்பதில் காலமே இல்லை, அதனால் ஆங்கிலத்தில் எந்தக் காலம் என்று தெரியாமல் 'இஃப் இட் வில் ரெயின்' என்று போட்டுவிடுவார்கள். 'இஃப்' இருக்கும் பக்கம் 'வில்' வேண்டாம். 'பெய்தாலும், ஆனா' என்று பேச்சில் இரண்டும் வருவதால் 'தோ' போட்ட வாக்கியத்திலும் 'பட்' வந்து உட்கார்ந்துகொள்ளும். 'காலையில்', 'திங்கட்கிழமையில்', 'இரவில்' எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே 'இல்'. அவர்களுக்கு 'இன் த மார்னிங்', 'ஆன் மண்டே', 'அட் நைட்'. இதற்குக் காரணம் தேடாமல் மனப்பாடம் செய்வதுதான் வழி.

ஒன்று மட்டும் வேடிக்கையானது. தமிழில் ஒவ்வொரு ஆளுக்கும் வினை மாறும்: போகிறேன், போகிறாய், போகிறாள். அப்படிப் பழகிய பிள்ளை ஆங்கிலத்தில் 'ஷி கோ' என்று எழுதுவது ஏன்? 'ஐ கோ, யூ கோ, வி கோ, தே கோ' என்று நான்கு இடத்தில் மாறாமல் இருந்து ஒரே ஒரு இடத்தில் மட்டும் 'எஸ்' ஒட்டுவதால் மறந்துபோகிறது. 'போகிறாள் என்பதில் உள்ள ஆள் எங்கே?' என்று கேளுங்கள், தேடிப் போய் 'எஸ்' போடுவாள்.

'எ', 'அன்' குழப்பத்துக்குத் தமிழ் எழுத்தே மருந்து. ஆங்கிலச் சொல்லை ஒலி எப்படியோ அப்படியே தமிழில் எழுதச் சொல்லுங்கள். முதலெழுத்து உயிரெழுத்து என்றால் 'அன்', உயிர்மெய்யோ மெய்யோ என்றால் 'எ'. 'அவர்' என்று மணிநேரத்தைச் சொல்வது அகரத்தில் தொடங்குகிறது, அன். 'யூனிவர்சிட்டி' யூவில் தொடங்குகிறது, எ. 'எம்.எல்.ஏ.' எகரம், அன். 'ஆனஸ்ட்', அன். ஒரே எச்சரிக்கை: எண் ஒன்றை 'ஒன்' என்று எழுதிவிட்டால் தப்பு வரும், ஒலி 'வன்', ஆகவே 'எ'.

ரிப்போர்ட்டட் ஸ்பீச் விதிகளை அட்டவணையாக ஒப்பிக்கவைப்பதைவிட வேறுபாட்டைக் காட்டுவது நல்லது. 'அவ நாளைக்கு வரேன்னு சொன்னா' என்கிறோம். 'என்று' போட்டுவிட்டால் தமிழில் அவள் வாயில் வந்தது அப்படியே நிற்கலாம்: 'வரேன்' என்பதில் உள்ள '-ஏன்' விகுதி நிற்கும், 'நாளை' நிற்கும். ஆங்கிலத்தில் சொல்பவர் தன் இடத்தில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் திருப்பவேண்டும்: 'ஐ' 'ஷி' ஆகிறது, 'வில்' 'வுட்' ஆகிறது, 'டுமாரோ' 'த நெக்ஸ்ட் டே' ஆகிறது. யார், எப்போது, எங்கே என்று மூன்றையும் திருப்பினாயா என்று கேட்டால் போதும். கேள்வியைத் திருப்பும்போது நான்காவதாக ஒன்று சேரும்: கேள்வி வரிசை போய்விடும். 'ஹி ஆஸ்க்ட் வேர் வாஸ் ஐ' இல்லை, 'வேர் ஐ வாஸ்'.

இந்தத் தப்புகளுக்கு ஒரு 40 பக்க நோட்டு. இடது பக்கம் அவள் எழுதிய தப்பு வாக்கியம், வலது பக்கம் சரியானது, கீழே தமிழில் ஒரே வரியில் காரணம். விதியின் பெயர் வேண்டாம். 'தமிழில் இருக்கேன் என்பதால் ஆம் போட்டேன்' என்பதுபோல. மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து வலது பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திருத்தச் சொல்லுங்கள். நான்கு தடவையும் சரியென்றால் குறுக்கே கோடு. நோட்டில் ஒரு நாளைக்கு மூன்று தப்புக்கு மேல் ஏற்றவேண்டாம். ஏற்றினால் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

நேரம்? 40 நிமிடம், வாரம் ஐந்து நாள். சனிக்கிழமை மூன்று மணி நேரம் சேர்த்து உட்காருவது இதற்கு ஈடாகாது. மே மாத வேலூர் வெயிலில் மதியம் உட்காரவைத்தால் பத்தி புரியாததற்கு இலக்கணம் காரணமாக இருக்காது; காலை ஆறரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மாதத்தில் மாற்றம் தெரியும் என்று உறுதியாகச் சொல்பவர்களை நம்பவேண்டாம், அது பிள்ளை எங்கிருந்து தொடங்குகிறாள் என்பதைப் பொறுத்தது. 'டிட்' போன்ற ஒற்றைத் தப்பு சில வாரத்தில் நிற்கும். சொல்வளம் மெதுவாகத்தான் ஏறும்.

உங்களுக்கு இங்கிலீஷ் வராதது ஒரு தடையே இல்லை, ஒரு விதத்தில் வசதி. பத்தியை மூடிவைத்துவிட்டு 'என்ன நடந்தது, எனக்குத் தமிழில் சொல்லு' என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாது என்பதால் அவள் முழுசாகச் சொல்லியாகவேண்டும். யார் செய்தது, யாருக்கு, எப்போது, ஏன் என்று இடைமறித்துக் கேளுங்கள். எங்கே அவள் மழுப்புகிறாளோ அந்த வாக்கியம் புரியவில்லை. புத்தகத்தைத் திறந்து அங்கே வினைமுற்றைத் தேடச் சொல்லுங்கள். எழுதியதைத் திருத்த மட்டும் ஆள் வேண்டும். வாரம் ஒருமுறை ஒரு பக்கத்தைப் பள்ளி ஆசிரியரிடம் காட்டினால் போதும்.

வீட்டிலேயே கிடக்கும் ஆங்கிலத்தையும் விடவேண்டாம். மாத்திரை அட்டையின் பின்புறம் பாருங்கள்: 'கீப் அவுட் ஆஃப் த ரீச் ஆஃப் சில்ட்ரன்', 'ஸ்டோர் இன் எ கூல், ட்ரை ப்ளேஸ்'. 'யூ' என்ற எழுவாய் எங்கே என்று கேட்டால் ஏவல் வாக்கியம் வந்துவிட்டது. சில அட்டைகளில் 'டு பி சோல்ட் பை ரீடெய்ல் ஆன் த பிரிஸ்கிரிப்ஷன் ஆஃப்...' என்று இருக்கும். 'டு பி சோல்ட்' என்பதில் விற்பவர் யார் என்று சொல்லப்படவில்லை, ஏன்? யார் விற்றாலும் விதி ஒன்றுதான் என்பதால். பாஸிவ் எதற்கு இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. உங்கள் ஊர்த் தீப்பெட்டி லேபிளையும் இதே மாதிரி படிக்கலாம்.

போனில் படம் எடுத்துத் தமிழாக்கம் பார்ப்பதைப் பற்றி: பத்தியை முடித்த பிறகு, தான் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தடவை, சரி. முன்னாலேயே பார்த்தால் வாக்கியத்தை அவிழ்க்கும் வேலையை இயந்திரம் செய்துவிடும். அவள் பழகவேண்டியதோ அந்த வேலைதான். ஒற்றைச் சொல்லின் உச்சரிப்பைக் கேட்க போன் நன்றாகவே உதவும்.

கைடுக்கு வருவோம். இப்போது வரும் எஸ்எஸ்எல்சி ஆங்கிலத் தாள் 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. பார்க்காத பத்தியோ கவிதையோ படித்து எழுதும் கேள்விக்கு 8. பிழை திருத்தத்துக்கு 5. மாதிரி வினாத்தாளுக்காக ஒரு கைடு பத்தாம் வகுப்பில் தேவைப்படும், அப்போது எந்தப் பதிப்பும் ஆகும். விடைகள் பின்பக்கம் தனியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். கேள்விக்குக் கீழேயே விடை அச்சிட்ட புத்தகத்தில் யாரும் யோசிப்பதில்லை. இந்த வருடம் அந்தக் காசுக்கு ஒரு ஆங்கிலம்–ஆங்கிலம்–தமிழ் அகராதி வாங்கலாம். அதிலும் ஒரு பத்திக்கு ஐந்து சொல்லுக்கு மேல் புரட்டவேண்டாம், அதுவும் முதல் இரண்டு தடவை படித்து முடித்த பிறகு.